கிரியேட்டினினும் சிறுநீர் அளவும்: இரு அளவுகோல்கள், ஒரு நோய்

"முந்தாநாள் எடுத்த டெஸ்ட்ல கிரியேட்டினின் நார்மல்னுதானே சொன்னாங்க. இன்னைக்கு டயாலிசிஸ் பண்ணணும்னு சொல்றீங்களே?" நோயாளியின் வீட்டாரிடமிருந்து இந்தக் கேள்வியைச் சந்திக்காத சிறுநீரக மருத்துவர் இருக்க மாட்டார். கேள்வியில் கோபம் இருக்கும், கொஞ்சம் சந்தேகமும் இருக்கும். ஆனால் அது நியாயமான கேள்வி. லேப் தாளில் அச்சாகியிருந்த அந்த எண் எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்று அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். அதே இரண்டு நாளும் கட்டிலின் ஓரத்தில் தொங்கிய யூரோ பேக்கில் சிறுநீர் குறைந்துகொண்டே வந்திருக்கக்கூடும். அதை யாரும் எழுதி வைத்திருக்கவும் மாட்டார்கள்.

மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவருக்குச் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று தீர்மானிக்க இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொண்ட அளவுகோல்கள் இரண்டுதான். ஒன்று, இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின். மற்றொன்று, மணிக்கு எவ்வளவு சிறுநீர் பிரிகிறது என்ற கணக்கு. கேடிகோ என்ற பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்று வாசல்களைத் திறந்து வைத்தது. 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏற வேண்டும். அல்லது ஏழு நாளுக்குள் வழக்கமான அளவைப் போல ஒன்றரை மடங்காக வேண்டும். அல்லது ஆறு மணி நேரம் தொடர்ந்து, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்கும் குறைவாகச் சிறுநீர் போக வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று நடந்தாலே திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று பொருள். ஏட்டில் இரத்தத்துக்கும் சிறுநீருக்கும் சம மரியாதை. வார்டில் அப்படி இல்லை. அங்கே கிரியேட்டினினைப் பார்த்துத்தான் நோய் இருக்கிறது, இல்லை என்று பேசப்படுகிறது. சிறுநீர்க் கணக்கு, நேரம் இருந்தால் பார்க்கப்படும் ஒன்று. இந்த ஏற்றத்தாழ்வுக்கு அறிவியல் காரணம் உண்டா, அல்லது அது வெறும் வசதிதானா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த நோயை அடையாளம் காண்பதில் மூத்தது சிறுநீர்க் கணக்குதான். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோது, இடிபாடுகளுக்குள் கை கால் நசுங்கிக் கிடந்தவர்களை மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் தேறுவது போலத் தெரிந்தவர்களுக்கு அடுத்த சில நாட்களில் சிறுநீர் குறைந்தது, நிறம் மாறியது. பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் 1941இல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். நசுங்கிய தசையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஆபத்து வருகிறது என்ற நவீன மருத்துவப் புரிதல் இங்கிருந்துதான் வேர்விடுகிறது. அன்று மருத்துவர் கையில் இருந்த முதல் தடயம் குறைந்துபோன சிறுநீர். இரத்தப் பரிசோதனை அதற்குத் துணையாக வந்தது.

கிரியேட்டினினின் கதை வேறு வழியில் வந்தது. பிக்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் கிரியேட்டினின் ஆரஞ்சு நிறமாகும் என்று மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1886இல் கண்டறிந்தார். அதை அளவிடும் முறையாக மாற்றியவர் ஓட்டோ ஃபோலின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். மலிவு, எளிது, எந்த ஊரிலும் செய்யலாம். இன்றும் பல லேப்களில் யாஃபேயின் அந்த ஆரஞ்சு நிறமே வேலை பார்க்கிறது. ஒரு சோதனை நூறு ஆண்டுக்கு மேல் நிலைத்தது அதன் சிறப்பாலா, பழக்கத்தாலா என்று கேட்டால், பாதிக்குப் பாதி என்றுதான் சொல்வேன்.

இரண்டையும் ஒரே வரையறைக்குள் உட்காரவைக்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் மருத்துவ இதழ்களில் இந்த நோய்க்கு முப்பதுக்கும் மேற்பட்ட வரையறைகள் புழங்கின. ஒருவர் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களை மட்டும் எண்ணினார். இன்னொருவர் கிரியேட்டினின் சற்று ஏறியவர்களையும் சேர்த்துக்கொண்டார். ஒரு மருத்துவமனையின் இறப்பு விகிதத்தை இன்னொன்றோடு ஒப்பிட வழியே இல்லை. இத்தாலியின் விசென்சாவில் கூடிய நிபுணர் குழு வகுத்து, 2004இல் வெளியான ரைஃபிள் வரையறை இந்தக் குழப்பத்துக்கு முதல் முற்றுப்புள்ளி. 2007இல் வந்த ஏகின் வரையறை 0.3 என்ற சிறிய ஏற்றத்தையும் கணக்கில் சேர்த்தது. காரணம் இருந்தது. ஏறத்தாழ 20,000 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து செர்டோவும் சக ஆய்வாளர்களும் 2005இல் எழுதிய கட்டுரையில், கிரியேட்டினின் வெறும் 0.5 ஏறியவர்களுக்குக்கூட மருத்துவமனையிலேயே இறக்கும் வாய்ப்பு ஆறரை மடங்கு கூடியிருந்தது. சின்ன ஏற்றம் என்று தள்ளிவிட முடியாது என்று அதன் பிறகு யாரும் வாதாடத் தேவையில்லாமல் போயிற்று. ரைஃபிள், ஏகின் இரண்டையும் இணைத்ததுதான் 2012இன் கேடிகோ.

முதலில் கிரியேட்டினின். தசையில் இருக்கும் கிரியேட்டின் நாள்தோறும் சிறிதளவு சிதைந்து கிரியேட்டினினாக மாறுகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டுதல் குறைந்தால் இரத்தத்தில் அது தேங்கும். இவ்வளவுதான் தத்துவம். நாட்பட்ட சிறுநீரக நோயில், மாதக்கணக்கில் நிலை மாறாமல் இருப்பவருக்கு, இந்தத் தத்துவம் நன்றாகவே பொருந்துகிறது. திடீர்ப் பாதிப்பில்தான் தகராறு.

முதல் தகராறு தாமதம். சிறுநீரகம் நன்றாக இருக்கையில் கிரியேட்டினினின் அரை ஆயுள் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்தால் அது எட்டு மணியாகிறது, கால் பங்கானால் பதினாறு. புதிய சமநிலையை எட்ட இப்படி மூன்று முதல் ஐந்து அரை ஆயுள்கள் கடக்க வேண்டும். அதாவது பாதிப்பு எவ்வளவு பெரிதோ, உண்மை அளவு இரத்தத்தில் தெரிய அவ்வளவு நாள் பிடிக்கும். திங்கட்கிழமை காலையில் அறுவை மேசையில் இரத்த அழுத்தம் விழுந்து சிறுநீரகம் அடிபட்டிருந்தால், அன்று மாலை எடுத்த கிரியேட்டினின் ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டும். செவ்வாய், புதன் என்று படிப்படியாக ஏறும். வீட்டாரின் கேள்விக்கு முதல் விடை இதுதான்: அந்த நார்மல், பாதிப்புக்கு முந்தைய நாட்களின் நிழல்.

வடிகட்டும் திறனைக் கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணையும் இப்போது லேப் தாள்களில் தானாக அச்சிடுகிறார்கள். அந்தச் சூத்திரங்கள் எல்லாமே கிரியேட்டினின் நிலையாக இருக்கிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. அது ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அந்த எண்ணை நம்பி மருந்தின் அளவை நிர்ணயிப்பது ஆபத்து. சிறுநீரகம் ஏறத்தாழ நின்றேபோனவருக்கும் முதல் நாள் அந்தச் சூத்திரம் 50, 60 என்று தெம்பாகச் சொல்லும்.

இரண்டாவது, தசை. நாற்பது கிலோ எடையுள்ள, மெலிந்த, பல மாதமாகப் படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்கு வழக்கமான கிரியேட்டினின் 0.5 என்று வைத்துக்கொள்வோம். இன்று 1.0. லேப் தாளில் அது நார்மல் வரம்புக்குள் அடங்கிவிடும். தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இருக்காது. ஆனால் இரண்டு மடங்கு ஏற்றம் என்பது, பாதிப்பை மூன்று நிலைகளாகப் பிரிக்கும் கேடிகோ கணக்கில் இரண்டாம் நிலை. முதியவர்கள், கல்லீரல் நோயாளிகள், நீண்ட நாள் பட்டினியும் காய்ச்சலுமாகக் கிடப்பவர்கள், கால் துண்டிக்கப்பட்டவர்கள் எல்லாரிடமும் கிரியேட்டினின் இப்படி அடக்கி வாசிக்கும். யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களிடமே இந்தச் சோதனை மங்கலாகிறது என்பதுதான் இதன் பெரிய குறை.

மூன்றாவது, நீர். ஐ.சி.யூ.வில் செப்சிஸ் எனும் கடும் கிருமித்தொற்றோடு கிடப்பவருக்கு இரண்டு நாளில் ஐந்து லிட்டர் ட்ரிப்ஸ் உடலில் தங்கிவிடுவது சாதாரணம். அறுபது கிலோ ஆளின் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் தண்ணீர் உண்டு. அது 41 ஆகிறது. கிரியேட்டினின் அத்தனையிலும் கரைந்து நீர்த்துப்போகும். 1.1 இருந்தவருக்கு இப்போது 1.35 என்று வருகிறது. ஏற்றம் 0.25 மட்டுமே, வரையறைக்குள் வரவில்லை. தங்கிய நீரைக் கணக்கில் எடுத்துத் திருத்தினால் அது 1.54, ஏற்றம் 0.44. ஒரே இரத்தம், ஒரே நோயாளி. கணக்குப் போட்டால் நோய் இருக்கிறது, போடாவிட்டால் இல்லை.

எதிர்த் திசையிலும் பிழை வரும். கோ-டிரைமாக்சசோல் மாத்திரையில் உள்ள டிரைமெத்தோபிரிம், சிறுநீரகக் குழாய்கள் கிரியேட்டினினைச் சுரந்து தள்ளுவதைத் தடுக்கிறது. வடிகட்டும் திறன் துளியும் குறையாமலே எண் ஏறும். சர்க்கரை நோயாளிக்குக் கீட்டோன் கூடியிருந்தால் யாஃபேயின் ஆரஞ்சு நிறம் ஏமாறும். இல்லாத கிரியேட்டினினை இருப்பதாகக் காட்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை யோசிக்கவைத்தது வைக்கர், பான்வென்ட்ரே இருவரும் 2009இல் செய்த கணக்கீடு. வடிகட்டும் திறன் திடீரென 90 சதவீதம் விழுந்தால், 24 மணி நேரத்தில் கிரியேட்டினின் எவ்வளவு ஏறும்? முன்பு சிறுநீரகம் நன்றாக இருந்தவருக்கு 246 சதவீதம் ஏறும். நான்காம் நிலை நாட்பட்ட நோயாளிக்கு 47 சதவீதம் மட்டுமே. விழுந்த அடி இருவருக்கும் ஒன்று. ஒருவர் திடீர்ப் பாதிப்பின் மூன்றாம் நிலைக்குப் போகிறார். மற்றவர் ஒன்றரை மடங்கு என்ற முதல் படியைக்கூட எட்டவில்லை. ஆனால் ஏற்றத்தைச் சதவீதத்தில் பார்க்காமல் மில்லிகிராமில் பார்த்தால் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு, 1.8 முதல் 2.0 வரை. மடங்குக் கணக்கு பார்க்க நேர்த்தியாக இருக்கிறது, உண்மையில் பாரபட்சமானது என்று அவர்கள் காட்டினார்கள். அடிப்படை அளவே தெரியாத நோயாளி வந்தால் அந்த நேர்த்தியும் போய்விடும். நம் ஊர்களில் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறார்கள்.

இனி சிறுநீர்க் கணக்கு. அறுபது கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி. என்பது எல்லைக் கோடு. ஆறு மணி நேரத்தில் 180 மி.லி. தேறவில்லையென்றால் முதல் நிலை. அதே குறைவு பன்னிரண்டு மணி நேரம் நீடித்தால் இரண்டாம் நிலை. ஒரு நாள் முழுக்கக் கிலோவுக்கு 0.3 மி.லி.க்கும் கீழே போனாலோ, பன்னிரண்டு மணி நேரம் அறவே வராவிட்டாலோ மூன்றாம் நிலை. இதற்கு லேப் வேண்டாம், இரசாயனம் வேண்டாம். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்த சில மணி நேரத்திலேயே இது பேசத் தொடங்கிவிடும். கிரியேட்டினின் புதன்கிழமை சொல்வதைச் சிறுநீர் திங்கள் மாலையே சொல்லக்கூடும்.

சொல்லக்கூடும் என்றுதான் எழுத முடிகிறது. ஏனென்றால் இது பொய் எச்சரிக்கையும் தரும். அறுவை சிகிச்சை முடிந்து வலியோடும் வாந்தியோடும் கிடப்பவரின் மூளை, தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லி ஹார்மோன் சுரக்கிறது. அவருக்குச் சிறுநீர் குறைவது சிறுநீரகம் கெட்டதால் அல்ல, அது சொன்ன பேச்சைக் கேட்பதால். தண்ணீர் குடிக்காதவருக்கும் அதே நிலைதான். கதீட்டர் மடங்கியிருந்தாலோ அடைத்திருந்தாலோ பை காலியாகத்தான் இருக்கும். டியூபைச் சரிசெய்தால் நோய் தீர்ந்துவிடும். உடல் பருத்தவர்களிடம் கிலோ கணக்கே குழப்பம். 120 கிலோ மனிதருக்கு உண்மை எடையை வைத்துப் பார்த்தால் மணிக்கு 60 மி.லி. வேண்டும், உயரத்துக்கேற்ற எடையை வைத்தால் 35 போதும். கொழுப்புக்கும் சேர்த்துச் சிறுநீர் கேட்பது முறையா? எந்த எடையை எடுப்பது என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறுகிறது.

லேசிக்ஸ் ஊசி போட்டவருக்குச் சிறுநீர் தாராளமாக வரும், சிறுநீரகம் உள்ளே நலிந்துகொண்டிருந்தாலும். ஜென்டாமைசின் போன்ற மருந்துகளால் வரும் பாதிப்பில் சிறுநீர் அளவு குறையாமலே கிரியேட்டினின் ஏறும். அங்கே சிறுநீர்க் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் நோயைக் கோட்டைவிடுவோம்.

நியூசிலாந்து ஐ.சி.யூ.க்களில் 725 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, 0.5 என்ற வரம்பே மிகத் தாராளமானது என்று தலைப்பிலேயே சொல்லியது. ஆறு மணி நேரத்துக்கு 0.3 என்று வைத்தால்தான் இறப்போடும் டயாலிசிஸோடும் நன்றாகப் பொருந்துகிறது என்றது அது. சிறுநீர்க் கணக்கை விரும்புகிறவன் என்பதற்காக இந்த ஆய்வை நான் மறைக்கப் பார்க்கவில்லை. ஆறு மணி நேரம் சற்றுக் குறைந்ததற்கெல்லாம் நோயென்று பெயர் வைத்தால் ஐ.சி.யூ.வில் யாரும் தப்ப முடியாது. 33 நாடுகளின் 97 ஐ.சி.யூ.க்களில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், கேடிகோ வரையறையை முழுமையாகப் பொருத்தியபோது 57.3 சதவீதம் பேருக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. பாதிக்கும் மேல்!

ஆனால் தராசின் மறுதட்டில் இருப்பவை கனமானவை. பிட்ஸ்பர்க்கில் 32,045 ஐ.சி.யூ. நோயாளிகளை வைத்துக் கெல்லமும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு அளவுகோல்களையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பொருத்திப் பார்த்தது. எந்தப் பாதிப்பும் இல்லாதவர்களில் மருத்துவமனையில் இறந்தவர்கள் 4.3 சதவீதம். இரண்டு அளவுகோலாலும் மூன்றாம் நிலையை எட்டியவர்களில் 51.1 சதவீதம். ஒன்று மட்டும் விழுந்தவர்களைவிட இரண்டும் சேர்ந்து விழுந்தவர்களின் நிலை மிக மோசம். ஒரே செய்தியைத்தான் இரண்டும் இரண்டு மொழியில் சொல்கின்றன என்றால், இரண்டாவதைச் சேர்ப்பதால் புதிதாக எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தது.

குழந்தைகள் விஷயத்தில் சான்று இன்னும் கூர்மை. நான்கு கண்டங்களின் 32 குழந்தைகள் ஐ.சி.யூ.க்களில், குழந்தைகளும் இளையோருமாக 4,683 பேரைப் பார்த்த அவேர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. சிறுநீர் குறைந்ததால் பாதிப்பு என்று அடையாளம் காணப்பட்டவர்களில் 67.2 சதவீதம் பேரைக் கிரியேட்டினினை மட்டும் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. மூவரில் இருவர்! குழந்தையின் உடலில் தசை குறைவு, கிரியேட்டினினும் குறைவு, 0.3இலிருந்து 0.5 ஆவதெல்லாம் யார் கண்ணிலும் படாது. நனைந்த டயப்பரை எடைபோடுவது அங்கே இரத்தப் பரிசோதனையைவிட மேலான மருத்துவம்.

ஆக, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் சாய்கின்றன. கிரியேட்டினின் தாமதமாக வரும். வந்தால் பெரும்பாலும் காரணத்தோடுதான் வரும். சிறுநீர் முந்திக்கொண்டு வரும். அடிக்கடி வீணாகவும் வரும். இப்படிப் பிழைகள் எதிரெதிராக அமைந்த இரண்டு சாட்சிகளில் ஒருவரை மட்டும் விசாரிக்கிற நீதிமன்றத்தை எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மருத்துவமனைகள் அதைத்தான் செய்கின்றன. பிரிட்டனில் 2009இல் வெளியான ஒரு தேசிய விசாரணை அறிக்கை, இந்நோயால் இறந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட நல்ல கவனிப்புக் கிடைக்கவில்லை என்று கண்டது. மருத்துவமனைக்கு வந்த பிறகு பாதிப்பு தோன்றியவர்களில் 43 சதவீதம் பேருக்கு அதை உணர்வதில் ஏற்க முடியாத தாமதம். இதற்குத் தீர்வாக இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை 2014இல் ஒரு கணினி முறையை எல்லா மருத்துவமனை லேப்களுக்கும் கட்டாயமாக்கியது. புதிய கிரியேட்டினினைக் கடந்த ஏழு நாளின் மிகக் குறைந்த அளவோடும், அதற்கு முந்தைய ஓராண்டின் நடு அளவோடும் ஒப்பிட்டு, ஏறியிருந்தால் எச்சரிக்கை அனுப்பும். நல்ல ஏற்பாடுதான். பழைய அளவைத் தேடி எடுக்கும் வேலையை மனிதர் மறந்தாலும் இயந்திரம் மறக்காது. ஆனால் சிறுநீர்க் கணக்குக்கு அதில் இடமே இல்லை. லேபுக்குத் தெரிந்ததைத்தானே லேப் சொல்லும்.

எச்சரிக்கை மட்டும் போதுமா என்பதற்கும் விடை வந்துவிட்டது. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் 6,030 பேரை வைத்து வில்சன் குழுவினர் நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனையில், கணினி எச்சரிக்கையால் ஒட்டுமொத்தப் பலன் எதுவும் இல்லை. மருத்துவக் கல்லூரி சாராத இரண்டு மருத்துவமனைகளில் எச்சரிக்கை பெற்ற நோயாளிகளிடையே இறப்பு கூடியே இருந்தது. திரையில் ஒரு பெட்டி தோன்றி மறைவதும், ஒருவர் கட்டிலருகே போய்ப் பையைப் பார்ப்பதும் ஒன்றல்ல என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் மருத்துவமனைகளுக்கு வருவோம். கண்ணாடி விரியன் கடித்து, உள்ளூரில் எங்கெங்கோ காட்டிவிட்டுத் தாமதமாக வரும் விவசாயத் தொழிலாளி. எலிக் காய்ச்சலோடு வருபவர். நாலு நாள் வயிற்றுப்போக்கில் வற்றி வருபவர். இவர்களில் பலருக்கு வாழ்நாளில் எடுக்கும் முதல் கிரியேட்டினினே அன்று எடுப்பதுதான். 2.4 என்று வருகிறது. முன்பு எவ்வளவு? தெரியாது. வடிகட்டும் திறன் 75 இருந்திருக்கும் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடலாம் என்று ரைஃபிளை வகுத்தவர்கள் ஒரு வழி சொன்னார்கள். பத்து ஆண்டாகச் சர்க்கரை இருந்தும் சிறுநீரகத்தைச் சோதித்தே பார்க்காதவரிடம் அந்த அனுமானம் தடம் புரளும். அவருக்கு 2.4 பழைய அளவாகவே இருக்கலாம். ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, மறுநாளும் அதற்கு மறுநாளும் கிரியேட்டினின் எடுப்பது, இவைதான் வழி. அதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். சிறுநீர்க் கணக்குக்கோ பழைய அளவு எதுவும் தேவையில்லை. எடையும் கடிகாரமும் போதும். அடிப்படை தெரியாத நோயாளியிடம் முதல் நாளே பேசக்கூடிய ஒரே அளவுகோல் அதுதான். விரியன் கடியில் இரத்தம் உறைகிறதா என்று ஒரு கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் விட்டுப் பார்க்கும் சோதனையைத் தாலுகா மருத்துவமனையிலும் தவறாமல் செய்கிறோம். கருவி இல்லாமல், கண்ணாலும் கடிகாரத்தாலும் செய்யும் மருத்துவத்தின் மதிப்பு நமக்குத் தெரியாததில்லை.

ஆனால் நடப்பது என்ன? ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்கிறார், "யூரின் எவ்வளவு போச்சு?" நர்ஸ் உடனிருப்பவரைப் பார்க்கிறார். "ரெண்டு தடவை போச்சுங்க." கேஸ் ஷீட்டில் 'போதுமானது' என்று எழுதப்படுகிறது. ஒரு நர்ஸுக்கு முப்பது, நாற்பது நோயாளிகள் இருக்கும் வார்டில் மணிக்கொரு முறை அளக்கச் சொல்வது கொடுமை. ஆகவே குற்றம் அவர்மீது இல்லை. கிரியேட்டினினின் வெற்றிக்குப் பின்னால் இருக்கும் உண்மைக் காரணம் இங்கேதான் தெரிகிறது. ஒரு சிறிய குழாய் இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டால் வேலை வேறு யாருக்கோ போய்விடுகிறது. சிறுநீரை அளக்க மனிதர் வேண்டும், இரவு மூன்று மணிக்கும் வேண்டும். மலிவான சோதனை என்று நாம் சொல்வது பொருளின் விலையை வைத்துத்தான். உழைப்பின் விலையைச் சேர்த்தால் சிறுநீர்க் கணக்குதான் விலை கூடியது. ஏட்டில் இருந்த சமத்துவம் வார்டில் காணாமல் போனதற்கு அறிவியலைவிட இந்த விலையே காரணம் என்பது என் முடிவு.

இரண்டுமே சிறுநீரகத்தின் வேலையைத்தான் அளக்கின்றன, காயத்தை அளப்பதில்லை என்ற குறையும் உண்டு. அந்தக் குறையைப் போக்க வந்த நெஃப்ரோசெக் என்ற சிறுநீர்ச் சோதனைக்கு அமெரிக்கா 2014இல் அனுமதி கொடுத்தது. என்கால் (NGAL) போன்ற புரதங்களை அளக்கும் சோதனைகளும் உண்டு. அவை எல்லா வார்டுக்கும் வந்துசேரும் நாள் அருகில் இருப்பதாகத் தெரியவில்லை. இதற்கிடையே 2013இல் சாவ்லா குழுவினர் முன்வைத்த ஒரு யோசனை சுவையானது. ஆரம்பநிலைப் பாதிப்பு உள்ளவருக்கு, உடலில் நீர் வற்றியில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கிலோவுக்கு 1 மி.கி. லேசிக்ஸ் கொடுங்கள், முன்பே அந்த மருந்து பெற்றவரென்றால் 1.5. இரண்டு மணி நேரத்தில் 200 மி.லி. சிறுநீர்கூட வராவிட்டால் நோய் மூன்றாம் நிலைக்குப் போக வாய்ப்பு அதிகம். சிறுநீர்க் கணக்கைக் குழப்பும் என்று குறைசொல்லப்பட்ட அதே லேசிக்ஸ், கணக்கைக் கூராக்கும் கருவியானது. இதற்கும் தேவைப்படுவது அளவு கோடிட்ட ஒரு ஜாடியும், அதைப் பார்க்க ஒருவரும்தான்.

எல்லாருக்கும் கதீட்டர் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை; தேவையில்லாத டியூப் கிருமித்தொற்றைத்தான் கொண்டுவரும். யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்குப் போதும்: செப்சிஸ், பாம்புக்கடி, பெரிய அறுவை, ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பவர், ஸ்கேனுக்காகக் காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றப்பட்ட முதியவர். மணிக்கணக்கில் முடியாவிட்டால் ஆறு மணிக்கொரு முறை, ஷிப்டு மாறும்போது, ஜாடியில் ஊற்றி எண்ணை எழுதலாம். 'போதுமானது' என்ற சொல்லைக் கேஸ் ஷீட்டிலிருந்து நீக்கிவிட்டு மி.லி.யில் எழுதச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. சிறுநீர் மட்டும் குறைந்தால் பதற வேண்டாம். டியூபைப் பாருங்கள், இரத்த அழுத்தத்தைப் பாருங்கள், வலி மருந்துகளைப் பாருங்கள், அன்றே கிரியேட்டினினுக்கு அனுப்புங்கள். கிரியேட்டினின் மட்டும் ஏறினால் மருந்துப் பட்டியலையும் பழைய அளவையும் தேடுங்கள். இரண்டும் சேர்ந்து கெட்டால் சிறுநீரக மருத்துவரை அழைக்கக் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது.

நோயாளியோடு இருக்கும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். முன்பு எப்போதாவது எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாள் வீட்டில் இருந்தால், எவ்வளவு பழையதாக இருந்தாலும், கொண்டுவந்து காட்டுங்கள். நேற்று இரவிலிருந்து எத்தனை மி.லி. சிறுநீர் போயிருக்கிறது என்று நர்ஸிடம் கேளுங்கள். அளந்து எழுத ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.